உப்பில்லாத சொதி

அத்தியாயம் நான்கு

மீனைக் காணவில்லை என்று ஒரு துப்பறியும் கந்தோருக்கு அழைப்பு வந்தால், முதல் வேலையாகப் பக்கத்து வீட்டுப் பூனையைப் பிடித்து விசாரிக்க வேண்டும் என்பது றிஷாட்டின் கட்சி. இதை அவன் தலைமன்னார் வீதியில் ஓட்டோவை விரட்டியபடியே, பின்னால் இருந்த மதுஷிகாவுக்கு உரத்த குரலில் விளக்கிக்கொண்டிருந்தான். ஓகஸ்ட் மாதத்துச் சோளகக் காற்று அவன் பேச்சில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு பனங்காட்டுக்குள் போனது. மீதிப் பாதியே அவளுக்குத் தாராளமாகப் போதும்.

"றிஷாட், நீர் ரோட்டைப் பாத்து ஓட்டும். பூனையை நான் பாக்கிறன்."

"பாருங்கோ மிஸ். ஆனா அது வாயே திறக்காது. வாய் நிறைய மீனிருக்கும்."

மதுஷிகா கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். பொய் கேட்டுக் கேட்டுக் காது புளித்ததும் ஊருக்குத் திரும்பி, மன்னார் பட்டினத்தில் ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் சொந்தக் கந்தோர் திறந்தாள். சிலாவத்துறை றிஷாட் அவளை முதல் நாள் ஓட்டோவில் ஏற்றி வந்தவன். அன்றைக்கே மேல்மாடிக்கும் ஏறி வந்தவன், பிறகு இறங்கவில்லை. ஓட்டோவுக்கு வாடகை உண்டு, வாய் இலவசம் என்பது அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தம். ஒரு தடவையாவது மிஸ்ஸுக்கு முன்னால் தான் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவன் நெஞ்சுக்குள் வைத்திருந்த ஆசை.

பேசாலை தாண்டிக் கடற்கரை ஓரமாக இருந்த விருந்தினர் விடுதியில், வாசலிலேயே காத்து நின்றார் எடித். கனடாவில் இருந்து குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்தவர். கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, பொலிசுக்குப் போனா மீனுக்கு என்ட்ரி போடுவாங்களோ? சிரிப்பாங்கள். ஆனா நாளைக்கு என்ர மகளின்ர வார்த்தைப்பாடு. அது இந்த மீனாலதான் நிக்கப் போகுது."

சிரிக்க வாய் எடுத்த றிஷாட் வாயை மூடிக்கொண்டான்.

கதை இதுதான். எடித்தின் கணவர் லோறன்ஸ் பேசாலைக் கடற்கரையில் பிறந்தவர். இப்போது ரொறொன்ரோவில் மீன்கடை வைத்திருக்கிறார். மகள் ஜெனுஷா தகப்பனின் கடல் கதைகளையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவள். அவள் தெரிந்தெடுத்த ஜஸ்ரினோ கல்கரியில் பிறந்தவன். கடலைப் பார்க்க வேண்டுமானால் அங்கிருந்து ஒரு நாள் முழுக்கக் கார் ஓட்ட வேண்டும். நாளை ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் பேசாலைக் கோயிலில் சுவாமியாருக்கு முன்னால் இருவருக்கும் வார்த்தைப்பாடு. மோதிரம் மாற்றிக் கலியாணத்துக்கு வாக்குக் கொடுக்கும் சடங்கு அது.

அதற்கு முந்திய நாட்களை ஜெனுஷா வீணாக்கவில்லை. காலையில் கயாக், பின்னேரம் காற்றுப் பட்டத்தில் தொங்கிக் கடலில் சறுக்கும் வகுப்பு, நடுவில் சைக்கிள், இன்னொரு நாள் மணல்திட்டுகளுக்கு வள்ளச் சவாரி. விடுமுறை என்றால் சாய்மனைக் கதிரை என்று நம்பி வந்த லோறன்ஸ், மூன்றாம் நாளே முழங்காலில் தைலம் பூசிக்கொண்டு, எரிச்சலில் ஒரு வார்த்தை விட்டார். "என்ர மகளைக் கட்டுறவன் ஒரு மீனெண்டாலும் பிடிச்சுக் காட்டட்டும்."

பகிடிக்குச் சொன்னதைப் பெடியன் உண்மையாக எடுத்துக்கொண்டான். இன்று விடியவே போட்டி. லோறன்ஸ் வாடகை வள்ளத்தில் போனார், ஜஸ்ரின் தன்னந்தனியாகக் கயாக்கில் போனான். இருவரும் ஆளுக்கொரு பாரை மீனோடு கரைக்கு வந்தார்கள். ஜஸ்ரினின் பாரைதான் பெரியது.

"உடன இவர் பாய்ஞ்சு விழுந்தார்" என்றார் எடித். "இது தூண்டில் மீனில்லை, கடல்ல நிண்ட வலைக்காரரிட்ட வாங்கினது எண்டு. சரி, ரெண்டு மீனையும் பின்னேரம் பேசாலைக் கரைக்குக் கொண்டு போவம், அங்க உள்ள ஆக்கள் மீனின்ர வாயைப் பாத்துச் சொல்லுவினம் எண்டு நான்தான் சொன்னனான். ரெண்டையும் றெஜிபோம் பெட்டியில ஐஸ் போட்டு வைச்சம். பிறகு திறந்து பாத்தா, தம்பியின்ர மீனைக் காணேல்லை."

"அங்கிள் என்ன சொல்லுறார்?"

"களவு பிடிபடும் எண்டு தானே எடுத்து எறிஞ்சு போட்டானாம். மீனில பொய் சொல்லுறவன் எல்லாத்திலயும் பொய் சொல்லுவானாம். நாளைக்குக் கோயிலுக்கு வரமாட்டன் எண்டு நிக்கிறார். தகப்பன் வராட்டித் தனக்கு இனி அப்பாவே இல்லை எண்டு மகள் சூட்கேசை இழுத்து வைச்சிருக்கிறாள்."

வேப்பமர நிழலில் லோறன்ஸ் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். கண்ணை மூடியிருந்தாலும் காது இந்தப் பக்கம்தான் இருந்தது. ஜஸ்ரின் கடலைப் பார்த்தபடி ஒரு மர வாங்கில் இருந்தான். உயரமானவன். முதுகு வெயிலில் கருகித் தோல் உரிந்திருந்தது.

"நீங்கள் எடுத்தனீங்களோ?" என்று மதுஷிகா கேட்டாள்.

"இல்லை."

"ஆர் எடுத்தது எண்டு தெரியுமோ?"

ஜஸ்ரின் மண்ணைக் காலால் ஒருமுறை கிளறினான். "தெரியாது."

அதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு சொல் வாங்க முடியவில்லை. குற்றவாளிக்குரிய எல்லா இலட்சணமும் இருக்கிறது என்று றிஷாட் மனத்துக்குள் முடிச்சுப் போட்டான். இன்றைக்கு மிஸ்ஸை முந்திவிடலாம் போலிருந்தது.

குசினிக்குப் பின்னால் அந்த வெள்ளை நுரைப்பெட்டி இருந்தது. மூடி ஒழுங்காக மூடி, அதன்மேல் கல்லும் வைத்திருந்தது. உள்ளே ஐஸைக் கையால் பரவி மட்டப்படுத்தியிருந்தார்கள்.

"பூனை இவ்வளவு துப்புரவாகப் பெட்டியை மூடிப் போட்டுப் போகுமோ, றிஷாட்?"

"மன்னார்ப் பூனை போகாது மிஸ். கனடாப் பூனை எண்டாச் சொல்லேலாது."

மதுஷிகா எஞ்சியிருந்த லோறன்ஸின் பாரையை வெளியே தூக்கினாள். வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு செவுளுக்குப் பின்னால் கழுத்தைச் சுற்றி விரலால் மெதுவாகத் தடவினாள்.

"என்ன மிஸ், பல்லு ஆடுதோ?"

கதிரையில் இருந்து லோறன்ஸின் குரல் வந்தது. "வடிவாப் பாருங்கோ பிள்ளை! தூண்டில் மீனெண்டா அதுதான் மீன்!"

"நல்ல மீன், அங்கிள்" என்று சொல்லி மதுஷிகா அதைத் திரும்ப ஐஸுக்குள் வைத்தாள். அவள் முகத்தில் இருந்து எதையும் படிக்க முடியாது. அது றிஷாட்டுக்குப் பழகிப்போன துன்பம்.

வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப எடித்துக்கு மனமில்லை. சமையல்காரி கனகம்மா சோறும் கத்தரிக்காய்க் கறியும் சொதியும் கொண்டுவந்து வைத்தாள். றிஷாட் ஒரு வாய் வைத்துவிட்டு மேசையைச் சுற்றிப் பார்த்தான். எடித் முகத்தைச் சுளித்தார். ஜெனுஷா கோபத்தில் சாப்பிடவே வரவில்லை. ஜஸ்ரின் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான். லோறன்ஸ் மட்டும் தலையை நிமிர்த்தாமல் மளமளவென்று சாப்பிட்டார்.

"அக்கா, நாங்கள் ஒருத்தரும் பிறசர்க்காரர் இல்லை. கொஞ்சம் உப்புப் போட்டிருக்கலாம்" என்றான் றிஷாட்.

கனகம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இருந்தாப் போடமாட்டனோ தம்பி? நேற்றுத்தான் ஒரு பை கல்லுப்பு வாங்கி வைச்சனான். குசினி முழுக்கக் கிண்டிப் பாத்திட்டன். பையோட காணேல்லை. கடைக்கு ஆளனுப்பவும் ஒருத்தரும் இல்லை."

"காலமை பலகாரத்துக்கு உப்பு இருந்ததோ?" என்றாள் மதுஷிகா.

"ஓம், இடியப்பத்துக்குப் போட்டனான்."

"அங்கிள், உங்களுக்குச் சொதி எப்பிடி?"

லோறன்ஸ் நிமிராமலே சொன்னார். "நல்லாயிருக்குப் பிள்ளை."

எடித் ஆச்சரியத்தோடு கணவனைப் பார்த்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இந்த மனுசன் ஒரு சொதியையும் நல்லது என்று சொன்னதில்லை என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. மதுஷிகா எழுந்து கையைக் கழுவினாள்.

"எழும்பும் றிஷாட். போவம்."

"எங்க மிஸ்? கத்தரிக்காய் இன்னும் முடியேல்லை."

"உப்புப் போன இடத்துக்கு."

கடற்கரை மணலில் அவள் விறுவிறுவென்று நடந்தாள். றிஷாட் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான்.

"மிஸ், மீனைத் தேடச் சொன்னா நீங்கள் உப்பைத் தேடுறியள். நாளைக்கு ஆராவது தேத்தண்ணியைக் காணேல்லை எண்டா சீனிக்குப் பின்னால போவியளோ?"

"ஒரே காலமையில மீனும் போச்சு, ஒரு பை உப்பும் போச்சு. ரெண்டையும் சேர்த்து யோசியும்."

றிஷாட் யோசித்தான். யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை, மூக்கே வழி காட்டியது. விடுதிக்கு அங்கால் பனைகளைத் தாண்டியதும் ஒரு கருவாட்டு வாடி. பந்தல் பந்தலாக மீன் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"கருவாடு போட்டிருக்கு!" என்று கத்தினான். "மீனை ஒளிக்கிறதுக்கு இதைவிட வேற இடமில்லை!"

"சரி. இப்ப சொல்லும். ஒரு மீனை இல்லாமல் பண்ண நினைக்கிறவன் என்ன செய்வான்?"

"கடல் வாசல்லயே கிடக்கு. வீசி எறிவான்."

"அப்பிடித்தான் கல்கரிப் பெடியன் செய்வான். அவனுக்குக் கருவாடும் ஒண்டுதான், காய்ஞ்ச மட்டையும் ஒண்டுதான். இந்த ஆளுக்கு மீனை எறிய மனம் வரேல்லை. அவ்வளவு பெரிய பாரை பழுதாப் போறதைப் பாத்துக்கொண்டிருக்க ஏலாத ஆள். களவெடுத்தாலும் உப்புப் போட்டு வைக்கவேணும் எண்டு கை தன்பாட்டில போயிருக்கு."

றிஷாட் அப்படியே நின்றான். மதுஷிகா ஜஸ்ரினைச் சொல்லவில்லை என்று விளங்கியதும் அவன் போட்டு வைத்திருந்த முடிச்சு கழன்று போனது. "அல்லாவே! கனகம்மா அக்காவோ?"

"கனகம்மா அடம்பன் ஊர்க்காரி. வயலும் மாடும் தெரியும். பாரையைக் கீறி உப்பு வைக்க அவவுக்குத் தெரியாது."

அப்போ ஒருவர்தான் மிச்சம். றிஷாட் அந்தப் பெயரைச் சொல்ல வாயெடுத்த நேரம், வாடிக்காரர் பக்கீர் கையை விரித்துக்கொண்டு எதிரே வந்தார். பட்டினத்துச் சந்தைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். ஆள் கடும் கோபத்தில் இருந்தார்.

"தம்பி, பிள்ளை, நல்ல நேரம் வந்தியள். என்ர வாடியில களவு!"

"என்ன போச்சு நானா?" என்றான் றிஷாட்.

"போகேல்லை. வந்திருக்கு! உப்புத் தொட்டிக்குள்ள நான் சுறாத் துண்டு மட்டுந்தான் போட்டிட்டுப் போனனான். வந்து பாத்தா ஒரு பாரை கிடக்கு. இண்டைக்கு மீன் வைச்சவன் நாளைக்கு என்னத்தை வைப்பானோ?"

கூடியதற்கு அழுகிற மனுசனை றிஷாட் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தான். தொட்டிக்குள் இருந்து பக்கீர் மீனைத் தூக்கிக் காட்டினார். தலையோடு சேர்த்து முதுகுப் பக்கமாகக் கீறி, புத்தகம் போல விரித்திருந்தது. ஓரிடத்திலும் கத்தி தடுமாறவில்லை. செவுளுக்குள் கல்லுப்பு அடைத்திருந்தது. பக்கத்தில் வெறும் உப்புப் பை கிடந்தது. வந்தவர் தான் கொண்டுவந்த உப்பைத்தான் பாவித்திருக்கிறார். பக்கீரின் உப்பில் ஒரு கல்லும் தொடவில்லை. நேர்மையான கள்ளன்.

மதுஷிகா மீனின் வாய் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள். தாடைக் கடைசியில் ஒரு கிழிசல் இருந்தது.

"தூண்டில் கொழுவின இடம்" என்றாள்.

"அப்ப பெடியன் உண்மையாத்தான் பிடிச்சிருக்கிறான்! உண்மையான மீனை ஏன் மிஸ் ஒளிக்கவேணும்?"

"பெட்டியில கிடக்கிற மற்ற மீனின்ர வாயில ஒரு கீறலும் இல்லை, றிஷாட். கழுத்தைச் சுத்தி நூல் போட்ட மாதிரி ஒரு தழும்பு இருக்கு. வலைக் கண்ணில இறுகின தழும்பு. ரெண்டு மீனையும் ஒண்டாக் கரைக்குக் கொண்டு போனா, பிடிபடப் போறது ஜஸ்ரின் இல்லை."

றிஷாட்டுக்கு இரண்டு கவலை வந்தது. ஒன்று, குற்றவாளி விடயத்தில் இன்றைக்கும் மிஸ்ஸே முந்திவிட்டாள். மற்றது, தன்னுடைய வாப்பாவின் வயதுள்ள ஒரு மனுசனின் மானம் இப்போது பக்கீர் கொடுத்த ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் உப்போடு கிடக்கிறது. இரண்டாவதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

பேசினை ஓட்டோவுக்குள் வைத்து மூடிவிட்டு, மதுஷிகா லோறன்ஸைக் கடற்கரைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டாள். அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "பக்கீர் நானாவின்ர தொட்டியில பாத்தனாங்கள் அங்கிள். கீறினது நல்ல கை" என்று அவள் சொன்னதும் நிமிர்ந்த மார்பு அப்படியே இறங்கியது.

அவர் மணலில் குந்தினார்.

"வள்ளம் வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் போகேல்லை, எனக்குத் தலை சுத்திச் சத்தி. பிள்ளை, லோறன்ஸுக்குக் கடல்ல சத்தி! வள்ளக்காரப் பெடியன் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்ர முதுகைத் தடவினவன். எப்பிடி வெறுங்கையோட கரைக்கு வாறது? பக்கத்தில ஒரு வலை வள்ளம் நிண்டுது. வாங்கினனான்."

"ஜஸ்ரினை ஏன் கள்ளனாக்கினீங்கள்?"

"நான் செய்ததைத்தான் அவனும் செய்திருப்பான் எண்டு நினைச்சன். கல்கரியில பிறந்தவன் பாரை பிடிப்பானோ? அவன்ர மீன் இல்லாட்டி என்ர மீனையும் ஒருத்தரும் கரைக்குக் கொண்டு போகமாட்டினம் எண்டுதான் எடுத்தனான். கீறேக்கதான் வாயைப் பாத்தன்." லோறன்ஸ் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். "அதுக்குப் பிறகும் அவனைப் பேசினனான். நிப்பாட்டத் தெரியேல்லை. என்ர பிள்ளைக்குக் கடல் கதை சொல்லித்தான் சோறு தீத்தினனான். இப்ப அவளுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"அது உங்கட பாடு. மீன் எங்கட ஓட்டோவில இருக்கு. ஜெனுஷாவிட்டக் கதைக்க வேண்டிய ஆள் நானில்லை."

மேசையடிக்கு எல்லோரும் வந்தார்கள். ஜெனுஷா சூட்கேசையும் இழுத்துக்கொண்டு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. லோறன்ஸ் நடுவில் நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். திரும்பத் திறந்தபோது துணிவு போய்விட்டது.

"மீன்... அது வந்து... கழுதைதான் கொண்டு போயிருக்கு" என்றார்.

றிஷாட் வானத்தைப் பார்த்தான். மதுஷிகா தரையைப் பார்த்தாள். மன்னார்த் தீவில் கழுதைகளுக்குப் பஞ்சமில்லை. கடதாசிப் பெட்டி தின்னும், சுவரில் ஒட்டிய நோட்டீஸ் தின்னும். அதற்காக மீனா?

"அப்பா, கழுதை மீன் தின்னுமோ?" என்றாள் ஜெனுஷா.

"தின்னும்" என்று ஒரு குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். இரண்டு சொல்லுக்கு மேல் பேசாதிருந்த ஜஸ்ரின் வாங்கில் இருந்து எழுந்து நின்றான்.

"நான் கண்டனான். கயாக் கழுவேக்க, இந்தப் பக்கத்தால அந்தப் பனையடிக்குப் போச்சு. அங்கிள் சொல்லுறது சரி. கழுதைதான்."

அந்த நிமிடத்தில்தான் றிஷாட்டுக்கு முழுவதும் விளங்கியது. பெடியன் பார்த்திருக்கிறான். மீனும் உப்புப் பையுமாகப் பனையடிக்குப் போன ஆளைக் கண்ணாரக் கண்டிருக்கிறான். கள்ளன் என்று பட்டம் கேட்டும், கலியாணம் நின்றுபோகிற நிலை வந்தும், மாமனாரைக் காட்டிக் கொடுக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். இதைக் கண்டுபிடிக்கத் தனக்கு இவ்வளவு நேரம் எடுத்ததே என்று றிஷாட்டுக்கு வெட்கமாக இருந்தது. மதுஷிகாவைப் பார்த்தான். அவளும் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். மிஸ்ஸும் இதை எதிர்பார்க்கவில்லை.

லோறன்ஸ் ஜஸ்ரினையே பார்த்தார். பார்த்துக்கொண்டே ஒரு கதிரையைப் பிடித்து இருந்தார்.

"நீ ஒரு கழுதையையும் காணேல்லை, தம்பி" என்றார். "என்னைத்தான் கண்டனி."

"அங்கிள், விடுங்கோ."

"விட ஏலாது. ஜெனு, அவன்ர மீனை எடுத்தது நான். அவன் பிடிச்சவன். நான் வாங்கினனான். வள்ளத்தில சத்தி எடுத்துப் போட்டு, வலைக்காரரிட்ட மீன் வாங்கிக்கொண்டு வந்து உங்களைப் பேக்காட்டினனான்."

எடித் "என்ர மாதாவே" என்று வாயைப் பொத்தினார். அது அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஜெனுஷா தகப்பனை ஒரு பார்வை பார்த்தாள், ஜஸ்ரினை ஒரு பார்வை பார்த்தாள்.

"பொய் சொன்னா வார்த்தைப்பாடு இல்லை எண்டு நீங்கள்தானே அப்பா சொன்னீங்கள்? இப்ப ரெண்டு பேரும் பொய். நான் நாளைக்கு ஆரோட கோயிலுக்குப் போறது?"

"ரெண்டு பேரோடயும் போ" என்றார் லோறன்ஸ். "அவன் எனக்காகச் சொன்ன பொய் அது. என்ர பொய்யோட அதைச் சேர்க்காதை."

ஜெனுஷா சூட்கேசை விட்டுவிட்டு வந்து தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். றிஷாட் அவசரமாக ஓட்டோவுக்கு ஓடிப் பேசினைத் தூக்கி வந்தான். நின்றிருந்தால் அவனுக்கும் கண் கலங்கியிருக்கும். துப்பறிகிறவனுக்கு அது அழகில்லை.

விரித்த பாரையை லோறன்ஸ் மேசையில் வைத்துத் தடவிப் பார்த்தார். கேட்கவா விடவா என்று கொஞ்ச நேரம் தனக்குள் இழுபட்டார். கடைசியில் அவருக்குள் இருந்த கடல் தொழில்காரன் வென்றான்.

"தம்பி, என்ன இரை போட்டனி?"

ஜஸ்ரின் தயங்கினான். "ராத்திரி மிஞ்சின கோழி, அங்கிள்."

"கோழிப் பொரியலோ?"

"ஓம். மசாலாவோட."

லோறன்ஸ் கண்ணை இறுக மூடினார். பேசாலைக்காரன் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. பிறகு ஜஸ்ரினின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தினார்.

"நான் சத்தி எடுத்ததை ஊருக்கே சொல்லு மகன். பறவாயில்லை. இந்தக் கோழிக் கதையை மட்டும் பேசாலையில ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை."

"சொல்லமாட்டன்" என்றான் ஜஸ்ரின்.

அவன் சொல்லமாட்டான் என்பது அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.